‘லைட் கேமிங்’குக்காக ஒன்றரை மாதச் சம்பளமா?

கேள்வி: என் லேப்டாப்புக்கு எட்டு வயது. ஐ5 ஏழாம் தலைமுறை புராசசர், 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கீல் உடைந்துவிட்டதால் திரையைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் வேலை செய்கிறேன். பகலில் எக்செல், இணையம், வீடியோ அழைப்பு. இரவில் ஒரு மணி நேரம் வாலரன்ட் கேம், ஞாயிற்றுக்கிழமை பையனோடு மைன்கிராஃப்ட் கேம். கடையில் ஒரு கேமிங் லேப்டாப்பைக் காட்டி, 24 மாத வட்டியில்லாத் தவணையில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். விலை என் ஒன்றரை மாதச் சம்பளம். எக்ஸ்டெண்டட் வாரன்டியும் போடச் சொல்கிறார்கள். கையில் மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். தவணையில் எடுக்கவா, சேமிப்பை உடைக்கவா?

பதில்: இப்படி யாராவது கேட்டால், பழையதிலேயே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். உங்களுக்கு அது சரிவராது. கீல் ஒரு பக்கம் இருக்கட்டும், ஏழாம் தலைமுறை புராசசருக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11ஐ ஏற்றினாலும் உங்கள் வாலரன்ட் மக்கர் பண்ணலாம். விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சோதிக்கும் செக்யூர் பூட் இரண்டும் இருந்தால்தான் அது ஓடும். ஆகவே புதிது வாங்குவது வீண் செலவு இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் எனக்கும் கடைக்காரருக்கும் கருத்து வேறுபாடு.

‘கொஞ்சம் கேம் ஆடுவேன்’ என்று நீங்கள் சொன்னதுமே அவர் உங்களை கேமிங் வரிசைப் பக்கம் கூட்டிப் போயிருப்பார். அந்த வரிசையில் விலையைத் தூக்குவது தனி கிராபிக்ஸ் கார்டும் அதைக் குளிர வைக்கும் ஏற்பாடும். நீங்கள் ஆடும் இரண்டு கேமுக்கும் அது கட்டாயம் இல்லை. வாலரன்ட் சாதாரணக் கணினிகளிலும் ஓட வேண்டும் என்றே உருவாக்கப்பட்டது. புராசசருக்குள்ளேயே இருக்கும் இன்றைய நல்ல கிராபிக்ஸ், செட்டிங்கைக் குறைத்து வைத்தால், அதை நொடிக்கு 60 பிரேமுக்கு மேல் ஓட்டிவிடும். மைன்கிராஃப்டும் அப்படித்தான், ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங் மாதிரி அலங்காரங்களைக் கேட்காத வரை. நாளைக்குப் பெரிய கேம் ஆட ஆசை வந்தால்? வரும்போது பார்த்துக்கொள்ளலாம். வராத ஆசைக்கு இன்றே தவணை கட்ட வேண்டாம்.

என் கதையும் இதுதான். சில வருடங்களுக்கு முன் ஆசைப்பட்டு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினேன். செங்கல் கனத்தில் சார்ஜர், வீடியோ அழைப்பில் எதிராளி ‘பின்னால் என்ன மிக்ஸி ஓடுகிறதா?’ என்று கேட்கும் அளவுக்கு விசிறிச் சத்தம். நூற்றுக்குத் தொண்ணூறு நேரம் அதில் எக்செல்தான் திறந்திருந்தது.

தவணைக்கு வருகிறேன். ரொக்கமாகக் கொடுத்தால் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள், தவணைக்குப் பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். ரொக்கத்துக்கு 5 குறைத்து, தவணைக்கு 2 கட்டணம் வாங்கினால், உண்மையில் நீங்கள் 93 கடன் வாங்கி 100 திருப்பிக் கட்டுகிறீர்கள். 24 மாதத்துக்கு அது ஆண்டுக்குச் சுமார் 7 சதவீத வட்டி. கொள்ளை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பூஜ்யமும் இல்லை.

வட்டியை விட எனக்கு உறுத்துவது வேறு. ஒன்றரை மாதச் சம்பளத்தை 24ஆல் வகுத்தால், மாதம் சம்பளத்தில் ஆறு சதவீதம் சொச்சம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. நீங்கள் மிச்சம் பிடிப்பதோ 20 சதவீதம். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இரண்டு வருடம் இந்தப் பெட்டிக்கே போகும்.

நான் சொல்லும் வழி: கடைக்காரர் சொன்ன விலையில் 60 சதவீதத்தை, அதாவது 0.9 மாதச் சம்பளத்தை, உச்ச வரம்பாக வையுங்கள். மூன்று மாதம் பொறுத்தால் 0.6 மாதச் சம்பளம் சேர்ந்துவிடும். மீதி 0.3ஐ அவசரச் சேமிப்பிலிருந்து எடுங்கள். உங்கள் மாதச் செலவு சம்பளத்தில் 80 சதவீதம், மூன்று மாதத்துக்கு 2.4 மாதச் சம்பளம். ஆக, 0.3 என்பது அந்தச் சேமிப்பில் எட்டில் ஒரு பங்குதான். அடுத்த ஒன்றரை மாதத்தில் திரும்ப நிரப்பிவிடலாம். புதியது வரும்வரை சுவர்தான் துணை. எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை டிவியில் சொருகினாலும் கீல் தொல்லை தீரும்.

அந்த வரம்புக்குள் எதைத் தேடுவது? ஏஎம்டி நிறுவனத்தின் புராசசர் என்றால், ‘ரைசன் 5, 7000 வரிசை’ என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520யு என்றால் 2, அது 2019இல் வந்த ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. கிராபிக்ஸ் கோர் வெறும் இரண்டு. 7640யு என்றால் 4, ஜென் 4. கிராபிக்ஸ் கோர் எட்டு. இரண்டின் மேலும் ஒரே ‘ரைசன் 5’தான் ஒட்டியிருக்கும். முதலாவதில் எக்செல் ஓடும், கேம் திணறும்.

அப்புறம் ரேம். 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். மதர்போர்டிலேயே பற்றவைத்த ரேம் என்றால் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஸ்லாட் இருந்தால், 16ஐ ஒரே துண்டாகப் போடாமல் 8, 8 என இரண்டாகப் போட்டிருப்பது உங்களுக்கு நல்லது. தனி கார்டு இல்லாதபோது கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் கடன் வாங்கும். ஒரே துண்டு என்றால் தரவு போகும் பாதையும் ஒன்றுதான், கேம் நன்றாகவே மெதுவாகும். இன்டெலில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் இருக்கும் புராசசர்கூட ஒற்றைத் துண்டு ரேமோடு வந்தால், விண்டோஸில் யுஎச்டி என்ற சாதாரண கிராபிக்ஸ் என்றே காட்டும். கடைகளில் இதைச் சொல்பவர்கள் குறைவு.

எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். வேறு சிஸ்டம் பக்கம் போக வேண்டாம், வாலரன்ட் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடாது.

இன்னும் குறைந்த செலவில் முடிய வேண்டுமா? அலுவலகங்களிலிருந்து வந்து, பழுது பார்த்து விற்கப்படும் ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பைப் பாருங்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி, டிசைன் கெப்பாசிட்டியையும் (புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் (இப்போதைய கொள்ளளவு) ஒப்பிடுங்கள். இரண்டாவது முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எக்ஸ்டெண்டட் வாரன்டியை நான் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வேன். கீழே விழுவது, தண்ணீர் கொட்டுவது எல்லாம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அடங்காது என்றால் வேண்டாம். அடங்கும் என்றால், அந்த மைன்கிராஃப்ட் பையனின் வயதைப் பொறுத்து யோசிக்கலாம்.

பழையதைக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மலிவான ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் எக்செல் கோப்புகளுக்கு ஒரு பிரதி இருக்கும்.