சேட்டிலைட் இருக்கும்போது துருவத்தில் ஆள் போய் உட்கார்ந்து வானிலை பார்ப்பது எதற்கு?

(முழுக் கேள்வி: துருவப் பகுதிகளில் வானிலை, காலநிலை மாற்ற ஆராய்ச்சி எப்படி நடக்கிறது? எல்லாவற்றையும் சேட்டிலைட் பார்த்துவிடும் காலத்தில் அண்டார்டிகாவில் இருக்கும் நம் மைத்ரி, பாரதி மாதிரி நிலையங்கள் இன்னும் தேவையா?)

நான் வானிலை நிலையத்தில், மேல்காற்றை அளக்கக் கருவி கட்டிப் பலூன் விடும் பிரிவில் வேலை பார்த்தவன். அண்டார்டிகா போனதில்லை. ஆனால் நாங்கள் காலை 5.30 மணிக் கணக்குக்கு பலூன் விடும் அதே வேளையில் தென்முனையிலும் ஒருவர் விட்டுக்கொண்டிருப்பார். உலகம் முழுக்க ஒரே நேரம்தான். அங்கே குளிர்காலத்தில் ரப்பர் விறைத்துப்போய் பலூன் சீக்கிரமே வெடித்துவிடும். அதனால் சில நிலையங்களில் அதை எண்ணெயில் முக்கி எடுத்துத்தான் வாயு நிரப்புவார்கள். அந்த ஆட்களின் வேலைமேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சேட்டிலைட்டுக்குரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். கடல் பனி எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஆளே வேண்டாம். 1978 கடைசியிலிருந்து மைக்ரோவேவ் உணரிகள் இதைத் தொடர்ந்து பார்த்துவருகின்றன. இருட்டும் மேகமும் அவற்றுக்குத் தடையில்லை. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடல் பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியதை அப்படித்தான் அறிந்தோம்.

தடிமன் என்று வந்தால் கதை வேறு. மிதக்கும் பனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். சேட்டிலைட் அந்தக் கொஞ்சத்தை அளந்து மிச்சத்தைக் கணக்குப் போடுகிறது. மேலே படிந்த புதுப் பனியின் கனம் தெரியாவிட்டால் மேலே செய்யும் சிறு பிழை கீழே பல மடங்காகிவிடும். அதனால்தான் 2019 அக்டோபரில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறைய விட்டு, ஆர்க்டிக்கில் ஒரு வருடம் மிதக்க விட்டார்கள். ஆட்கள் இறங்கி, துளை போட்டு, அளவுகோலை விட்டுப் பார்த்தார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஹாலி என்ற இடத்தில் இருக்கிறது. பிரிட்டனின் அண்டார்டிகா நிலையம் அது. 1957 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி 1956இல் தொடங்கினார்கள். அங்கே டாப்சன் மானி என்ற கருவி இருந்தது. நீண்ட பெட்டி, மேலே சூரிய ஒளி நுழைய ஒரு பட்டகம். புற ஊதாவில் இரண்டு அலைநீளங்களைப் பிரித்து எடுக்கும். ஒன்றை ஓசோன் அதிகமாக விழுங்கும், மற்றதை அவ்வளவாகத் தொடாது. முள் பூஜ்யத்துக்கு வரும்வரை திருகை நகர்த்தி, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த இரண்டின் வித்தியாசத்தில் இருந்து தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் என்று தெரிந்துவிடும். 300 டாப்சன் அலகு என்றால், மேலே உள்ள ஓசோன் மொத்தத்தையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து அடுக்கினால் 3 மில்லிமீட்டர் தடிமன். அக்டோபர் மாதச் சராசரி ஆரம்ப வருடங்களில் அந்த அளவில்தான் இருந்தது. 1984இல் 200 பக்கம் வந்து நின்றது.

ஹாலியின் கணக்கைக் கவனித்துவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜோ ஃபார்மன் குழுவினர் முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டார்கள். வேறு கருவி கொண்டுபோய் அளந்தார்கள். அதுவும் அதையே சொன்னது. 1985 மே மாதம் நேச்சர் என்ற அறிவியல் இதழில் கட்டுரை வந்தது. ஓசோன் ஓட்டை என்று நாம் பள்ளியில் படித்தது இதுதான். அப்போது நாசாவின் நிம்பஸ் 7 சேட்டிலைட் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. 180க்குக் கீழே வந்த எண்களை அதன் மென்பொருள் ‘சந்தேகத்துக்குரியது’ என்று குறித்து வைத்தது. ‘நாசா தூக்கி எறிந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சரியல்ல. அவர்களும் கவனித்தார்கள், தென் துருவ நிலையத்தின் தரை அளவோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். அங்கே 300 என்று இருந்ததால் குழம்பினார்கள். பிறகுதான் அந்தத் தரை அளவே தப்பு என்று தெரிந்தது. ஆக, ஆள் அளந்தால் சரியாக இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. ஹாலியின் பலம், ஒரே இடத்தில் முப்பது வருடம் விடாமல் எடுத்த கணக்கு. பழைய அளவு கையில் இல்லாதவனுக்கு 200 என்பது வெறும் எண்.

இன்னொன்று, ஓட்டை விழுவது ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. குளிர்கால இருட்டில், மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே, அடுக்கு மண்டலத்தில் ஒருவகை மேகங்கள் உருவாகும். அவற்றின்மேல், ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரேயிலும் பயன்படுத்திய குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயுக்களில் இருந்து வந்த குளோரின் வீரியமடையும். வெயில் திரும்பியதும் ஓசோனைத் தின்ன ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் எந்தக் கப்பலும் அங்கே நெருங்க முடியாது. கோடையில் (அங்கே அது டிசம்பர், ஜனவரி) போனவர்கள் குளிர்காலம் முழுக்கத் தங்கினால்தான் அதை அளக்க முடியும்.

அப்புறம் ஹாலிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் கட்சிக்கு எதிரான சாட்சி. நிலையம் நிற்பது பாறையில் அல்ல, கடலில் மிதக்கும் பனித்தட்டில். முதல் நான்கு கட்டடங்கள் பனிக்குள் புதைந்தே போயின. இப்போதிருக்கும் ஆறாவது நிலையத்துக்கு ஹைட்ராலிக் கால்கள், அடியில் பனிச்சறுக்குப் பலகைகள். பனித்தட்டில் விரிசல் வளர்ந்ததால் 2016–17 கோடையில் நிலையத்தையே 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துப் போனார்கள். வேறொரு விரிசலும் தெரிந்ததால் 2017 முதல் குளிர்காலத்தில் யாரும் தங்குவதில்லை. அந்தக் குளிர்கால ஓசோன் கணக்கில் இடைவெளி விழுந்தது. டாப்சன் மானியைத் தானியங்கியாக மாற்றி, மைக்ரோ டர்பைன் என்ற சிறு ஜெனரேட்டரை மின்சாரத்துக்கு வைத்தார்கள். 2019 குளிர்காலம் முழுக்க அது ஆளில்லாமல் ஓடியது. 2023 ஜனவரியில் பழைய விரிசல் முழுக்கப் பிளந்து, சுமார் 1,550 சதுர கிலோமீட்டர் பனிப்பாறை கழன்று போனது. நிலையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே தானியங்கியால் முடியும். ஆனால் கோடைக்குக் கோடை ஆள் போய் அதைச் சரிபார்க்க வேண்டும். காற்றுமானியில் உறைபனி ஏறினால் சுழல்வது நின்றுவிடும், எண் மட்டும் ‘காற்றில்லை’ என்று வந்துகொண்டிருக்கும். பனிப்பொழிவை அளப்பது அதைவிடத் தலைவலி. வானத்திலிருந்து விழுந்ததா, பக்கத்திலிருந்து காற்று அள்ளி வந்ததா என்று கருவிக்குத் தெரியாது.

பனியைத் துளைத்து எடுக்கும் ஆய்வைப் பற்றியும் கொஞ்சம்: அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் சுமார் 3,200 மீட்டர் துளைத்து எடுத்த பனியில் 8 லட்சம் வருடக் காற்று குமிழிகளாக அடைபட்டுக் கிடக்கிறது. அந்தக் காலம் முழுக்க கார்பன் டை ஆக்சைடு 300 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 300 பங்கை) தாண்டவில்லை, இப்போது 420க்கு மேல். இதையும் எந்தச் சேட்டிலைட்டும் எடுத்துத் தராது.

நம் நிலையங்களுக்கு வருவோம். 1983–84இல் கட்டிய தட்சிண கங்கோத்ரி பனித்தட்டில் நின்றது, அதுவும் புதைந்துதான் போனது. 1989இல் வந்த மைத்ரியையும் 2012இல் வந்த பாரதியையும் பாறை நிலத்தில் கட்டினார்கள். அதனால் விரிசல் பயம் இல்லை, குளிர்காலத்திலும் ஆட்கள் தங்குகிறார்கள். இந்திய வானிலைத் துறையினர் அங்கே தரை வானிலையும் ஓசோன் பலூன் பதிவும் எடுக்கிறார்கள். ஆர்க்டிக்கில் நார்வேயின் நீ-ஓலசுன்னில் 2008 முதல் நம் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது. அங்கே நம் ஆட்கள் குளிர்காலத்தில் தங்க ஆரம்பித்தது 2023 டிசம்பரில்தான். என்னைக் கேட்டால் அதை இன்னும் பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.