காற்று–தண்ணீர் மாதிரியும் நீராவிக் கணக்கும் ஒத்துவரவில்லையா?

வணக்கம். ஆறில் ஒரு பங்கு அக்ரிலிக் மாதிரியில் காற்றும் தண்ணீரும் ஓட்டி அளந்த வேகம், அணுமின் நிலையத்தின் நிஜ நீராவி ஜெனரேட்டருக்குப் போட்ட கணினிக் கணக்கோடு, குழாய்கள் யு வடிவில் வளையும் பகுதியில் ஒத்துவரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்களை, இன்னும் நுணுக்கிப் பயனில்லை.

நிஜ ஜெனரேட்டரில் இருப்பதுபோன்ற 70 பார் அழுத்தத்தில் தண்ணீரின் அடர்த்தி நீராவியைவிடச் சுமார் 20 மடங்குதான். உங்கள் மாதிரியிலோ 800 மடங்கு. குமிழி தண்ணீரை முந்திக்கொண்டு ஏறும் விதமே அதனால் மாறிவிடும். பிரான்சின் குளோட்டேர் என்ற நீராவி ஜெனரேட்டர் மாதிரிச் சோதனையில் ஃபிரியான் என்ற குளிரூட்டியை ஓட்டியது இதற்காகத்தான். குறைந்த அழுத்தத்திலேயே அந்த விகிதம் அமைந்துவிடும்.

சரி, கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? கணக்கை மாதிரிக்கே போடுங்கள்: அதே காற்று, அதே தண்ணீர், அதே அளவுகள். முதலில் தண்ணீரை மட்டும் ஓட்டி, குழாய் தாங்கும் தட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் பொருந்துகிறதா பாருங்கள். அது பொருந்தாமல் காற்றைத் திறக்காதீர்கள். அப்புறம் காற்றின் பங்கை அளக்கும் ஊசியின் நுனியை அடிக்கடி கவனியுங்கள். அங்கே ஒரு குமிழி ஒட்டிக்கொண்டாலே காற்றின் பங்கு கூடிக் காட்டும்.

இதில் அவசரப்பட வேண்டாம். கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தில் நீராவி ஜெனரேட்டரின் வடிவமைப்புக் கணக்கு வேகத்தைக் குறைத்துச் சொன்னது. குழாய்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து 2012 ஜனவரியில் கசிந்தன. 2013இல் நிலையத்தையே நிரந்தரமாக மூடினார்கள்.

தண்ணீர் மட்டும் ஓட்டிய அழுத்த எண்களைப் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.