ஃபார்மேட் செய்தும் வைரஸ் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் ஏழு கணினிகள் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஒன்றில் வைரஸ் வந்து ஃபார்மேட் செய்தால், ஒரே வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. பழைய மென்பொருளுக்காக இரண்டு கணினிகளில் இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கிறோம். விலை கூடிய ஆன்டிவைரஸ் வாங்கினால் தீருமா?

பதில்: பணத்தை எடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். ஃபார்மேட் செய்த கணினிக்கு வைரஸைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் பக்கத்து மேசைக் கணினிதான். ஒன்றைச் சுத்தம் செய்து, சுத்தமாகாத ஆறின் நடுவில் மீண்டும் வைக்கிறீர்கள். என் சந்தேகம் அந்த இரண்டு விண்டோஸ் 7 கணினிகள் மீதுதான்.

2017 மே 12-ஆம் தேதி பரவிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸை நினைத்துப் பாருங்கள். யாரும் மின்னஞ்சலைத் திறக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை. கோப்புகளைப் பகிரப் பயன்படும் எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி அதுவே தாவியது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவமனைச் சந்திப்புகள் ரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. கையில் இரண்டு மாத அவகாசம் இருந்தும் இப்படி நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஆகவே விடுமுறை நாள் ஒன்றை ஒதுக்குங்கள். ஏழு கணினிகளின் லேன் கேபிளையும் ஒரே நேரத்தில் கழற்றுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். வெளியே சுத்தமான ஒரு கணினியில் திருத்தங்களைத் தரவிறக்கி, புதிய பென் டிரைவில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு கணினியையும் சுத்தம் செய்து, திருத்தத்தை நிறுவி, எஸ்எம்பி 1-ஐ முடக்குங்கள். ஏழும் முடிந்த பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும். பழைய ஸ்கேனர் ஏதாவது அதன்பின் கோப்பை அனுப்ப மறுக்கலாம். அதற்காக எஸ்எம்பி 1-ஐ மறுபடி திறந்துவிடாதீர்கள்.

விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அந்த இரண்டையும் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனியாக இயக்குங்கள். முழு டி டிரைவையும் எல்லோருக்கும் பகிர்ந்திருந்தால் நிறுத்திவிட்டு, தேவையான ஃபோல்டரை மட்டும் கடவுச்சொல்லுடன் பகிருங்கள். விண்டோஸ் 11-உடனேயே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸே உங்கள் அலுவலகத்துக்குப் போதும்.

அந்தப் பணத்தில் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாடிக்கையாளர் கணக்குகளை மாறி மாறி அவற்றில் பிரதி எடுத்து, எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால் வான்னாக்ரை போன்றவை அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

எந்தக் கணினியிலாவது கோப்புகள் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தால், அதை மட்டும் ஃபார்மேட் செய்யாதீர்கள். கேபிளைக் கழற்றி அப்படியே எடுத்து வையுங்கள். சில வகைகளுக்குப் பூட்டைத் திறக்கும் நிரல் இலவசமாகவே கிடைக்கிறது.