பொறியியலா, பொறியியல் தொழினுட்பவியலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் காலத்திலும் உயர்தர வெட்டுப்புள்ளி அறிவிக்கப்படும் காலத்திலும் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தெரிவைப் பற்றியவையே. அவற்றுள் சிலவற்றைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எனக்கு ஏ சித்தி கிடைத்துள்ளது. மோட்டார் கழற்றிப் பூட்டுவதிலும் மின்சுற்று அமைப்பதிலும் விருப்பம் அதிகம் என்பதால் உயர்தரத்தில் தொழினுட்பவியல் துறையை எடுக்க நினைக்கிறேன். அதைப் படித்தாலும் பின்னர் பொறியியல் பீடத்துக்குப் போகலாம் என்று நண்பன் சொல்கிறான். அது சரியா, ஐயா? (மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: சரியல்ல. இந்த ஒரு தவறான தகவலால் பல பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் கழித்து என்னிடம் கண்கலங்கி வந்து நின்றிருக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அரச பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்களுக்கு விண்ணப்பிக்க இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் சித்தி வேண்டும். 2013இல் தொடங்கப்பட்டு 2015இல் முதன்முறையாகப் பரீட்சை நடந்த தொழினுட்பவியல் துறையில் நீங்கள் படிக்கப்போவது பொறியியல் தொழினுட்பவியல், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் என்ற இரண்டு பாடங்களையும், தெரிவுப் பட்டியலிலிருந்து மூன்றாவதாக ஒன்றையும் ஆகும். அந்தப் பாடங்கள் பொறியியல் தொழினுட்பவியல் இளமாணிப் பட்டத்துக்கு வழி திறக்கும். பொறியியல் பீடத்துக்குத் திறக்கா. மறுபுறம், கணிதத் துறையில் படித்தவரும் தம் உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு பொறியியல் தொழினுட்பவியல் பட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே பல்கலைக்கழக வாசலில் எடுக்கப்படுவதாக எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கும் இந்தத் தீர்மானம், உண்மையில் பதினாறு வயதில், உயர்தர வகுப்புக்கான விண்ணப்பத்தை நிரப்பும் அந்தச் சில நாட்களிலேயே எடுக்கப்பட்டு விடுகிறது.

கையால் வேலை செய்யும் விருப்பம் இருப்பதனால் மட்டும் தொழினுட்பவியலே உங்களுக்குப் பொருத்தம் என்று முடிவு செய்ய வேண்டாம். பொறியியல் பீடத்திலும் பட்டறை உண்டு, ஆய்வுகூடம் உண்டு, கைத்தொழிற் பயிற்சி உண்டு. மோட்டார் ஒன்று நின்றுபோனால் உங்கள் மனம் எங்கே செல்கிறது என்று பாருங்கள். பழுதைக் கண்டுபிடித்து, சரியான பாகத்தைத் தெரிந்தெடுத்து, முன்னரைவிட நன்றாக ஓட வைப்பதில் நிறைவு கிடைக்கிறதா? அல்லது இந்தச் சுற்றுக்களின் எண்ணிக்கையை ஏன் இப்படித் தெரிந்தார்கள், கம்பியின் தடிப்பை மாற்றினால் வெப்பம் எவ்வளவு கூடும், அதை ஓட்டிப் பார்க்காமலே கணித்துச் சொல்ல முடியுமா என்ற கேள்விகள் உங்களைத் தூங்கவிடாமல் செய்கின்றனவா? இரண்டாவது வகையினருக்குப் பொறியியல் ஏற்றது. ஆனால் அதற்கான கருவி கணிதமே. பொறியியல் பீடத்தின் முதலிரு ஆண்டுகளில் வகையீட்டுச் சமன்பாடுகளும் லாப்லாஸ் உருமாற்றமும் தாயங்களும் அன்றாட மொழியாகிவிடும் என்பதால், கணிதத்தைச் சகித்துக்கொள்கிறவருக்கு அல்ல, அதனோடு இருக்க விரும்புகிறவருக்கே அந்த நான்கு ஆண்டுகள் இனிமையாகக் கழியும்.

விண்ணப்பிப்பதற்கு முன், உயர்தரம் படிக்கும் ஒருவரிடமிருந்து இணைந்த கணித நூலையும் பொறியியல் தொழினுட்பவியல் நூலையும் இரண்டு வாரங்களுக்கு இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு அத்தியாயங்களையாவது நீங்களாகவே படித்துப் பாருங்கள். எந்த நூலை மூட மனம் வரவில்லையோ, அந்தத் துறைக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: என் மகள் பொறியியல் தொழினுட்பவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. அவருடைய பட்டமும் நான்கு ஆண்டு, பொறியியல் பட்டமும் நான்கு ஆண்டு. இரண்டும் சிறப்புப் பட்டங்களே. அப்படியிருக்க அவரை ஏன் பொறியியலாளர் என்று ஏற்க மறுக்கிறார்கள்? (தந்தை, மட்டக்களப்பு)

பதில்: உங்கள் கேள்வியில் இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டங்கள் என்ற அளவில் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் இரண்டும் 6ஆம் மட்டத்திலேயே வருகின்றன. கல்வி மட்டத்தில் உங்கள் மகள் எவருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால் பட்டத்தின் மட்டத்தைத் தீர்மானிப்பது ஓர் அமைப்பு, அந்தப் பட்டம் எந்தத் தொழிலுக்குரியது என்று தீர்மானிப்பது வேறோர் அமைப்பு. பொறியியல் பட்டங்களைப் பரிசீலித்து அங்கீகரிப்பது இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம். அந்த நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினராகச் சேர்ந்தது. ஓர் உறுப்பு நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் சமமாக ஏற்பதற்காக 1989இல் உருவான அந்த உடன்படிக்கை பொறியியலாளர்களுக்கானது. பொறியியல் தொழினுட்பவியலாளர்களுக்கு 2001இன் சிட்னி உடன்படிக்கையும், தொழினுட்பவியல் உத்தியோகத்தர்களுக்கு 2002இன் டப்ளின் உடன்படிக்கையும் தனித்தனியாக இருக்கின்றன.

இந்த மூன்றும் தம் பட்டதாரிகளை வேறுபடுத்தும் அளவுகோல், அவர்கள் எத்தகைய பிரச்சினையைக் கையாளப் பயிற்றப்படுகிறார்கள் என்பதுதான். வாஷிங்டன் உடன்படிக்கை சிக்கலான பொறியியற் பிரச்சினைகளையும், சிட்னி உடன்படிக்கை பரந்த அளவில் வரையறுக்கப்பட்ட பிரச்சினைகளையும், டப்ளின் உடன்படிக்கை நன்கு வரையறுக்கப்பட்ட பிரச்சினைகளையும் குறிப்பிடுகின்றன.

இதை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நாளைக் கொண்டு விளக்குகிறேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட பழுது நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. அந்த உபமின்நிலையத்தில் சேதமடைந்ததை இனங்கண்டு, பழுது ஏற்பட்டதும் மின்னைத் துண்டிக்கச் செய்யும் பாதுகாப்பு ரிலேக்கள் உரிய நேரத்தில் இயங்கினவா என்று பதிவுகளைப் பார்த்துச் சோதித்து, அவற்றை மீண்டும் அளவமைத்து, தொகுதியைப் பாதுகாப்பாக இயக்கத்துக்குக் கொண்டுவருவது தேர்ந்த தொழினுட்பவியலாளரின் வேலை. நெறிமுறையும் தரநிலையும் அங்கே உண்டு. ஆனால் எந்த நெறிமுறையை எங்கே எப்படிப் பொருத்துவது என்ற தீர்ப்புக்கு ஆழ்ந்த அறிவு வேண்டும். ஓரிடத்துப் பழுது முழுத் தீவையும் ஏன் விழுத்தியது என்பது வேறு கேள்வி. விடுமுறைப் பகலில் மின் கேள்வி குறைந்து, சூரிய மின்சாரத்தின் பங்கு உயர்ந்து, சுழன்றுகொண்டிருக்கும் பெரிய பிறப்பாக்கிகள் குறைவாக இருந்தபோது, தொகுதியின் சடத்துவமும், அதாவது திடீர் மாற்றத்தைத் தாங்கி நிற்கும் தன்மையும், குறைந்திருந்தது. எனவே திடீர் இழப்பின்போது 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் தாங்கமுடியாத வேகத்தில் சரிந்தது. இதற்கு எத்தனை மெகாவாட் மின்கலச் சேமிப்பு வேண்டும், எதை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு ஆயத்தமான விடை எந்தக் கைநூலிலும் இல்லை. அதை மாதிரியமைத்து, முதற்கோட்பாடுகளிலிருந்து விடை கண்டு, அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுபவரே பொறியியலாளர். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் விளக்கு எரியாது.

2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பொறியியற் பேரவை பட்டயப் பொறியியலாளர் (தொழிலில் முழுத் தகுதி பெற்றவர்), கூட்டிணைக்கப்பட்ட பொறியியலாளர், தொழினுட்பவியல் உத்தியோகத்தர் எனப் பல வகுதிகளில் பதிவு செய்கிறது. மகள் எந்த வகுதிக்கு உரியவராவார் என்பதை அவருடைய பீடத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. தெளிவாகச் சொல்வது பீடத்தின் கடமை. பதவிப் பெயரைவிட, அவருடைய பட்டத்துக்கேற்ற பதவிகளை அரசும் தனியார் துறையும் போதிய அளவு உருவாக்காமல் இருப்பதே நாம் உரத்துப் பேச வேண்டிய அநீதி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தொழினுட்பவியல் பீடத்தில் இறுதி ஆண்டு படிக்கிறேன். எப்போதாவது பட்டயப் பொறியியலாளர் ஆக முடியுமா, அல்லது கதவு முழுதாக மூடிவிட்டதா? (மாணவி, ஒலுவில்)

பதில்: மூடவில்லை, ஆனால் நேர்வழி இல்லை. அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டம் இல்லாதவர்களுக்காகப் பொறியியலாளர் நிறுவகம் தானே நெடுங்காலமாகப் பரீட்சைகள் நடத்தி வந்திருக்கிறது. அவ்வழியில் சென்றவர்கள் வேலை செய்துகொண்டே, கணிதத்திலும் அடிப்படைப் பொறியியலிலும் விட்டுப்போனவற்றைப் படித்து முடித்தவர்கள். முதுமாணிப் பட்டம் ஒன்றைப் பெற்றால் இளமாணியில் இருந்த இடைவெளி தானாக நிரம்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; முதுமாணி உங்களுக்கு வேலையில் உயர்வு தரலாம், ஆனால் அது மட்டும் பட்டயத் தகுதியைத் தருவதில்லை. பணம் கட்டுவதற்கு முன், உங்கள் பாடப் பெறுபேற்றுப் பத்திரத்துடன் நிறுவகத்துக்கு எழுதி, எந்தப் பாடங்கள் குறைகின்றன என்று கேளுங்கள்.

அதற்கும் முன்பாக ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வடிவமைப்புப் பொறுப்பு வேண்டும் என்பதற்காக இதை விரும்புகிறீர்களா, உறவினர் முன் சொல்லிக்கொள்ள ஒரு சொல் வேண்டும் என்பதற்காகவா? முதலாவது காரணமாயின் அந்த ஆண்டுகள் வீணாகா. இரண்டாவதாயின், மன்னாரில் 103.5 மெகாவாட் திறனுடன் சுழலும் 30 காற்றாலைகளைப் பாருங்கள். அவற்றின் அதிர்வுத் தரவை வாசித்து, பற்சக்கரப் பெட்டி உடைவதற்கு முன்பே சொல்லக்கூடியவர்களுக்கு வருங்காலத்தில் தட்டுப்பாடுதான் இருக்கும்.

கேள்வி: கணிதத் துறையில் இரண்டாம் முறையும் எழுதிவிட்டேன். பொறியியலுக்கான இசற் புள்ளி சிறிதளவில் தவறிப்போனது. மூன்றாம் முறை எழுதுவதா? (மாணவர், ஹற்றன்)

பதில்: முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே உங்கள் புள்ளி உயர்ந்திருந்தால், குறைந்தது எந்தப் பாடத்தால் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால், எழுதுங்கள். பொறியியல் அனுமதியில் 40 வீதம் தீவளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவதால், உங்கள் மாவட்டத்தின் கடந்த சில ஆண்டு வெட்டுப்புள்ளிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பது விளங்கும். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றிருந்தால் மூன்றாவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப நிறுவகம் தியகமவில் நடத்தும் தேசிய தொழினுட்ப டிப்ளோமாவுக்குக் கணிதத் துறைப் பெறுபேறுடன் விண்ணப்பிக்கலாம். மூன்று ஆண்டுகளில் ஓர் ஆண்டு கைத்தொழிற் பயிற்சி. அதை முடித்துத் தொழிலில் மதிப்புடன் நிற்கும் பலரை நான் அறிவேன். மூன்றாம் முறை எழுதினாலும் அதற்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: கொழும்பில் ஒரு தனியார் கல்வி நிறுவனம், தன்னிடம் படித்தால் பிரித்தானியப் பொறியியல் பட்டம் கிடைக்கும் என்கிறது. அது உண்மையான பொறியியல் பட்டமா? (தாய், வவுனியா)

பதில்: பட்டத்தின் பெயர் உங்களுக்கு எதையும் சொல்லாது. பிரித்தானியாவின் பொறியியற் பேரவை, தான் ஏற்றுக்கொண்ட பட்டங்களின் பட்டியலை வெளிப்படையாக வைத்திருக்கிறது. அதில் ஒரு பட்டம் பட்டயப் பொறியியலாளருக்குரிய கல்வித் தகைமையை முழுமையாக நிறைவு செய்கிறதா, பகுதியாகவா, அல்லது கூட்டிணைக்கப்பட்ட பொறியியலாளருக்கு மட்டுமா என்று குறிக்கப்பட்டிருக்கும். அங்கே பொதுவாக மூன்றாண்டுப் பொறியியல் இளமாணி பகுதியாகவே நிறைவு செய்கிறது. மீதிக்கு முதுமாணி மட்டப் படிப்பு வேண்டும். இதை விளம்பரத் தாளில் யாரும் எழுதுவதில்லை. அமெரிக்கப் பட்டமாயின் ஏபெட் என்ற அமைப்பின் பொறியியல் ஆணைக்குழு அங்கீகரித்ததா, பொறியியல் தொழினுட்பவியல் ஆணைக்குழு அங்கீகரித்ததா என்று பாருங்கள். இரண்டும் ஒரே அமைப்பின் கீழ் இருந்தாலும் பொருள் வேறு. தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் அங்கீகாரம் கொழும்பில் நடக்கும் வகுப்புக்கும் பொருந்துமா என்பதே கடைசியும் மிக முக்கியமுமான கேள்வி. அதற்குக் கடிதத் தலைப்பில் எழுதிய பதில் கிடைக்காவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போகும் எண்ணம் உள்ளது. எந்தப் பட்டம் பயன்படும்? (மாணவர், கல்முனை)

பதில்: இரண்டும் பயன்படும், ஆனால் வெவ்வேறு பெயரில். அவுஸ்திரேலியாவில் குடிவரவுக்கான தகைமை மதிப்பீட்டைச் செய்யும் அமைப்பு, தொழில்சார் பொறியியலாளர், பொறியியல் தொழினுட்பவியலாளர், பொறியியல் உதவியாளர் எனத் தனி வகுதிகளை வைத்திருக்கிறது. வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்ற பட்டம் உங்களிடம் இருந்தால் முதல் வகுதிக்கு எளிதாக விண்ணப்பிக்கலாம். அப்படி இல்லையெனில், உங்கள் வேலை அனுபவத்தை மூன்று விரிவான தொழில் அத்தியாயங்களாக எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். ஆகவே முதல் வேலையிலிருந்தே நீங்கள் கணித்தவற்றையும் தீர்மானித்தவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பொறியியலாளர் என்ற பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. உரிமம் இன்றி அதைப் பயன்படுத்த முடியாது. தொழினுட்பவியலாளர்களுக்குச் சான்றிதழ் வழங்க அங்கே தனியானதொரு சங்கம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக அன்றி ஒவ்வொரு பாடநெறிக்கும் குறித்த காலத்துக்கு மட்டும் வழங்கப்படுகிறது. நீங்கள் பட்டம் பெறும் ஆண்டில் அது செல்லுபடியாக இருந்ததா என்பதற்கான ஆவணத்தை அப்போதே எடுத்து வையுங்கள்.

கேள்வி: உயர்தரம் சித்தியடையவில்லை. அறிவியல் நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் படிக்கிறேன். இங்கிருந்து பட்டத்துக்குப் போக வழி உண்டா? (மாணவர், கிளிநொச்சி)

பதில்: உண்டு. தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாக்கள், 7ஆம் மட்டம் பட்டம். 5ஆம் மட்டத்தை முடித்த பின் இரத்மலானையில் உள்ள தொழிற் தொழினுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2008இல் சட்டத்தால் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம் உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. அங்கே கிடைக்கும் பட்டமும் தொழினுட்பவியல் வழியைச் சேர்ந்ததே. இப்போது கணிதத்தை விட்டுவிடாமல் வாரத்துக்கு இரண்டு மாலைகளாவது படியுங்கள், ஏனெனில் நுழைவில் அல்ல, முதலாம் ஆண்டில்தான் அது உங்களைச் சோதிக்கும்.