பனியாறு செதுக்கிய நீர்வீழ்ச்சி

கேள்வி: சுவிஸில் இருக்கும் மகள் கீஸ்பாக் நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போகிறாளாம். பனியாறு உண்டாக்கியதென்கிறாளே, எப்படி?
(வாசகி, கல்லடி)

பதில்: பனியுகத்தில் பெரிய பனியாறு, அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள், இப்போதைய பிரியன்ஸ் ஏரி கிடக்கும் பள்ளத்தாக்கை ஆழமாக அகழ்ந்தது. பக்கத்து ஓடையின் பள்ளத்தாக்கு அவ்வளவு ஆழமாகவில்லை. பனி உருகியதும் ஓடை உயரத்தில் தொங்கிப்போனது. அதுதான் காட்டினூடே 14 படிகளாக ஏரிக்கு விழுகிறது. நம் மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளுக்குப் பனியாற்றோடு தொடர்பில்லை.

ஏரிக்கரையில் உள்ள பிரியன்ஸ் ஊரிலிருந்து படகில் போங்கள். கரையிலிருந்து மேலே ஏற்ற 1879இல் தொடங்கிய கம்பியிழுவை ரயில் உண்டு. குளிர்காலத்தில் போய் ஏமாறாதீர்கள், படகு ஓடாது. மலைப்பனி உருகும் மே, ஜூனில் தண்ணீர் பொங்கும். அருவிக்குப் பின்னாலும் பாதை போகிறது. சாரலில் கல் வழுக்கும். சேலையும் செருப்பும் வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்தும் மழைக்கோட்டும் போதும்.