ஆள் இருக்கிறது, வாளி காலி: எதிர்ப்புச் செல்கள் பற்றிய கேள்வி பதில்

இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து, அவை வேலை செய்கின்றனவா என்று சோதித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பன்னிரண்டு வருடமாக, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓட்டிப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஆய்வகத்து ஆள். அதனால் "எனக்கு எந்த மாத்திரை" என்று வந்த கேள்விகளை உங்கள் டாக்டருக்கே விட்டுவிட்டேன். மற்றவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், என் மகனுக்கு ஐந்து வயது. இரண்டு வருடத்தில் மூன்று முறை சீழ்க்கட்டி, அதில் ஒன்று கல்லீரலில். வெள்ளையணு எண்ணிக்கை குறையவே இல்லை, கூடுதலாகத்தான் இருக்கிறது. இப்போது டி.எச்.ஆர். என்று ஒரு டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். எதற்கு?

உங்கள் டாக்டர் சரியான இடத்தில்தான் சந்தேகப்படுகிறார். எண்ணிக்கை என்பது பந்தியில் பரிமாற எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று மட்டும் சொல்லும். வாளியில் சாம்பார் இருக்கிறதா என்று சொல்லாது.

வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள். கிருமியை விழுங்கி, உள்ளே வைத்துக் கொல்வது அவற்றின் வேலை. கொல்வதற்கு ஆக்சிஜனிலிருந்து கடுமையான சில வேதிப்பொருள்களைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். பிறவியிலேயே அந்த நொதி பழுதாக இருந்தால் செல் விழுங்கும், ஆனால் கொல்லாது. கிருமி செல்லுக்குள்ளேயே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் மேலும் மேலும் செல்கள் வந்து கூடி, கட்டியாகிவிடும். நாள்பட்ட கிரானுலோமா நோய் என்பது இதுதான். கல்லீரல் கட்டி, திரும்பத் திரும்ப நிமோனியா, ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, சில குழந்தைகளுக்கு பி.சி.ஜி. ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டிப் பழுப்பது என்று வரும்.

டெஸ்ட் எளிமையானது. பச்சை மூடி ட்யூபில் கொஞ்சம் இரத்தம். அதில் டி.எச்.ஆர். என்ற சாயத்தைக் கலந்து, செல்களைச் சீண்டிவிட ஒரு மருந்தையும் சேர்த்து, 37 டிகிரியில் சிறிது நேரம் வைப்போம். நொதி வேலை செய்தால் சாயம் பச்சையாக ஒளிரும். திரையில் வரைபடமாக ஒரு மேடு தெரியும்; ஒளி கூடினால் அது வலப்பக்கம் நகரும். நல்ல செல்களில் அது அப்படியே வலப்பக்கம் ஓடிப்போய் நிற்கும். நோய் இருந்தால் இடத்தை விட்டு நகராது. முடிவு அன்றைக்கே தெரிந்துவிடும்.

நோய் உறுதியானால் பயந்துவிடாதீர்கள். தினசரி தடுப்பு மருந்துகளிலேயே நிறையக் குழந்தைகள் நன்றாக இருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று குணமே தரக்கூடியது.

கேள்வி: அவனுடைய அம்மாதான் எழுதுகிறேன். என் இரத்தமும் வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஒரு வியாதியும் இல்லையே?

இந்த நோயின் ஒரு வகை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. பெண்களுக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லிலும் ஏதாவது ஒன்று அணைந்திருக்கும். அதனால் பழுதான மரபணு ஒன்றைச் சுமக்கும் அம்மாவின் இரத்தத்தில் சில நியூட்ரோஃபில்கள் ஒளிரும், சில ஒளிராது. திரையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு மேடு. நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாம் முறை ஓட்டினேன். மறுபடியும் இரண்டு மேடு.

உங்கள் இரத்தத்தில் அப்படித் தெரிந்தால் நோயின் வகை தெரிந்துவிடும், அடுத்த குழந்தைக்கும் திட்டமிடலாம். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. யாராவது வீட்டில் அப்படிப் பேசினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: லேப் டெக்னீஷியன் நான். இந்த டெஸ்ட்டுக்கு இரத்தம் அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஐஸில் வைக்காதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒருமுறை வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து ட்யூபை ஐஸ் டப்பாவில் போட்டு அனுப்பினார்கள். மேடு நகரவில்லை. நோயா, குளிரா? நல்லவேளை, கூடவே ஆரோக்கியமான ஒருவரின் ட்யூபும் வந்திருந்தது. அதிலும் மேடு நகரவில்லை. அதனால் பிழைத்தோம். அறை வெப்பநிலை, 24 மணி நேரத்துக்குள், கூடவே ஒரு கன்ட்ரோல் ட்யூப். அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, எம்.எஸ்ஸி. படிக்கிறேன். எலியில் எல்லாம் செய்துவிடலாமே, மனித செல்லை வைத்து ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்?

2006 மார்ச் 13, லண்டன். நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் ஒரு மருந்துச் சோதனை. ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு டி.ஜி.என்.1412 என்ற ஆன்டிபாடியைக் (எதிர்ப்புப் புரதம்) கொடுத்தார்கள். எதிர்ப்புப் படைக்கு உத்தரவு கொடுக்கும் வெள்ளையணு வகையான டி செல்லின் மேல் இருக்கும் சிடி28 என்ற பொத்தானை அழுத்தும் மருந்து அது. எலியில் நல்ல பலன். குரங்கிலும் ஆபத்து தெரியவில்லை. குரங்குக்குப் பாதுகாப்பான அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல். அன்றிரவே ஆறு பேரும் ஐ.சி.யூ.வில். டி செல்கள் சைட்டோகைன்களை, அதாவது செல்கள் ஒன்றையொன்று தூண்டும் புரதங்களை, கொட்டித் தீர்த்திருந்தன. ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவர் விரல்களின் நுனிகளை இழந்தார்.

பிறகு ஏன் என்று தோண்டினார்கள். நம் உடம்பில் அனுபவப்பட்ட நினைவு டி செல்கள் சிடி28-ஐ வைத்துக்கொண்டே இருக்கின்றன. சோதனைக்கு எடுத்த குரங்கு இனத்தில் அதே வகைச் செல்கள் அதை இழந்துவிடுகின்றன. பொத்தானே இல்லாத செல்லில் எதை அழுத்துவது? எலியிலோ மற்றச் செல்களை அடக்கி வைக்கும் வகை டி செல்கள்தான் முந்திக்கொண்டு பெருகின.

எனக்கு இதில் உறைத்தது இன்னொன்று. சோதனைக்கு முன்பு மனித இரத்தச் செல்களிலும் பார்த்திருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை! மருந்தைத் திரவத்தில் கலந்து ஊற்றினால் அந்தச் செல்கள் சும்மா இருந்தன. அதே மருந்தைப் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டவைத்துச் செல்களைப் போட்டபோது கொதித்தெழுந்தன. செல்களை இரண்டு நாள் நெருக்கமாக வளர்த்துவிட்டு மருந்தைக் கலந்தாலும் அப்படியே. நிணநீர் முடிச்சில் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும்போதுதான் டி செல் உஷாராக இருக்கிறது; இரத்தத்தில் ஓடும்போது கொஞ்சம் தூங்குகிறது. ஆகவே "மனித செல்லில் பார்த்தேன்" என்றால் மட்டும் போதாது தம்பி. எந்த நிலையில் இருந்த செல் என்றும் சொல்ல வேண்டும்.

கதை அத்தோடு முடியவில்லை. அதே மருந்தை அன்றைய அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி மறுபடியும் மனிதர்களில் சோதித்தார்கள். அந்தச் சின்ன அளவில் அடக்கும் செல்கள் மட்டும் விழித்துக்கொண்டன.

கேள்வி: அந்த அடக்கும் செல்களுக்குத்தானே 2025 நோபல்?

ஆமாம். மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. சகாகுச்சி 1995-ல் இப்படி ஒரு வகை டி செல் உண்டு என்று காட்டியபோது பலர் நம்பவில்லை. மற்ற இருவரும் தோல் செதில் செதிலாகி, சில வாரங்களில் செத்துப்போகும் ஒரு எலி வம்சத்தின் பழுதான மரபணுவைத் தேடினார்கள். சந்தேகத்துக்குரியவை இருபது, இருபதாவதில்தான் கிடைத்தது! 2001-ல் வெளியிட்டார்கள். ஃபாக்ஸ்பி3 என்று பெயர். அது பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தையிலேயே சர்க்கரை நோய், தீராத வயிற்றுப்போக்கு, தோல் நோய் எல்லாம் சேர்ந்து வருகின்றன. கிருமி ஒன்றும் கிடையாது; சொந்தப் படையே ஊரைக் கொளுத்துகிறது.

கேள்வி: எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட நல்ல டானிக் சொல்லுங்கள்.

மேலே லண்டன் கதையை இன்னொரு தரம் படியுங்கள். கூட்டினார்கள்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு ஊசி தொடங்கப்போகிறார்கள். எனக்கு இருமலே இல்லை, ஆனால் டிபி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். பணம் பிடுங்கவா?

இல்லை அண்ணா, இதைத் தட்டாதீர்கள். நம் நாட்டில் நிறையப் பேருக்குள் டிபி கிருமி நோயாக மாறாமல் சும்மா கிடக்கிறது. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்களும் டி செல்களும் அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து சிறைவைத்திருக்கின்றன. அந்த வட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பது டி.என்.எஃப். என்ற சைட்டோகைன். உங்கள் மூட்டை வீங்கவைப்பதும் அதேதான்! இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் அதைப் பிடித்துக் கட்டிவிடும். மூட்டு வலி குறையும், சிறையும் திறந்துவிடும். அப்படிப் பலருக்கு டிபி கிளம்பியது தெரிந்தபிறகுதான் இந்த விதி வந்தது. கிருமி இருப்பது தெரிந்தால் முதலில் தடுப்பு மாத்திரை, அப்புறம் ஊசி.

கேள்வி: தொழுநோய் ஒருவருக்கு ஒரே ஒரு தேமலோடு நிற்கிறது, இன்னொருவருக்கு முகமெல்லாம் தடிக்கிறது. இரண்டு கிருமியா?

ஒரே கிருமிதான். வித்தியாசம் டி செல்களில். ஒரு கோடியில் இருப்பவரின் டி செல்கள் மேக்ரோஃபேஜ்களுக்குக் கொல்லும் உத்தரவு கொடுக்கின்றன. தோலில் கிருமியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தச் சண்டையிலேயே நரம்பு அடிபட்டு உணர்ச்சி போய்விடுகிறது. மறு கோடியில் அந்த உத்தரவு வருவதில்லை. மேக்ரோஃபேஜ்கள் கிருமிகளால் நிரம்பி, நுரைத்த மாதிரி ஊதிக் கிடக்கும். 1966-ல் ரிட்லியும் ஜாப்லிங்கும் வகுத்த அட்டவணை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஐந்து படிகளாக நோயாளிகளைப் பிரித்தது. நல்ல செய்தி, எந்தக் கோடியில் இருந்தாலும் கூட்டு மருந்து குணமாக்குகிறது.

கேள்வி: என் தங்கைக்கு லூபஸ். கார்-டி செல் சிகிச்சை புற்றுநோய்க்குத்தானே, லூபஸுக்கும் வருகிறது என்கிறார்களே?

வந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஆராய்ச்சி நிலையில். நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, பி செல் என்ற இன்னொரு வெள்ளையணுவின் மேல் உள்ள சிடி19-ஐ அடையாளம் கண்டு அதைக் கொல்ல ஒரு மரபணுவைப் புகுத்தித் திரும்ப ஏற்றுகிறார்கள். இரத்தப் புற்றுநோய்க்காக இந்தியாவிலேயே ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய ஒன்றுக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. லூபஸில் சொந்த உடம்பையே தாக்கும் தவறான ஆன்டிபாடிகளைச் செய்வது பி செல் வம்சம்தானே, அதையே துடைத்தால் என்ன என்று ஜெர்மனியின் எர்லாங்கனில் கேயோர்க் ஷெட் குழு 2021-ல் ஒரு இளம்பெண்ணுக்குச் செய்து பார்த்தது. அடுத்த வருடம் ஐந்து பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐந்து பேருக்கும் நோய் அடங்கியிருந்தது, மற்ற லூபஸ் மருந்துகளையும் நிறுத்த முடிந்தது.

நான் அந்த ஆய்வுக்கட்டுரையில் வரைபடத்தைத்தான் முதலில் பார்த்தேன். சராசரியாக மூன்றரை மாதம் கழித்து பி செல்கள் திரும்பி வந்துவிட்டன. ஆனால் வந்தவை பெரும்பாலும் அனுபவமில்லாத புதுச் செல்கள். பழைய பகை எதுவும் அவற்றுக்குத் தெரியவில்லை. எத்தனை வருடம் அப்படியே இருக்கும் என்று பார்க்கத்தான் இப்போது பெரிய சோதனைகள் நடக்கின்றன. சிடி19-ஐத் துடைத்தால் தொற்று அபாயமும் உண்டு, சைட்டோகைன் புயலும் வரலாம். தங்கை இப்போது சாப்பிடும் லூபஸ் மருந்துகளை இதை நம்பி நிறுத்திவிட வேண்டாம்.