காரின் பிக்கப்பை (வேகமெடுக்கும் திறனை) அளப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போன் செயலியில் என் காரின் 0–100 நேரம் (நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகம் எட்டும் நேரம்) பார்த்தேன். போகும்போது 10.9 நொடி, அதே சாலையில் திரும்பும்போது 12.1. வண்டியில் கோளாறா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வண்டியைச் சந்தேகிக்கும் முன் சாலையையும் போனையும் பாருங்கள். 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் 12 நொடியில் 100-ஐத் தொடும் காருக்கு அது ஏறக்குறைய அரை நொடியைக் கூட்டும், இறக்கத்தில் அரை நொடியைக் குறைக்கும். உங்கள் வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுவாகவே இருக்கலாம். எனவே போக மூன்று, வர மூன்று என ஓட்டிச் சராசரி எடுங்கள். ஒரு திசையில் மட்டும் எடுத்த கணக்கை நம்பவே வேண்டாம்.

அடுத்தது போன். பல போன்கள் ஜிபிஎஸ் வேகத்தை நொடிக்கு ஒரு முறைதான் தருகின்றன. ஒரு நொடிக்குள் உங்கள் கார் சராசரியாக 8 கி.மீ. வேகம் கூட்டிவிடும், புறப்பட்ட கணமும் 100-ஐத் தாண்டிய கணமும் ஊகமாகிவிடும். டிராகி போன்ற கையடக்கக் கருவிகள் நொடிக்கு 10 முறையாவது அளக்கின்றன. அதை டேஷ்போர்டில் வானம் தெரியும்படி ஒட்டி, சிக்னல் நிலைபெற இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம், மேம்பாலம், அடர்ந்த மரநிழல் மூன்றும் சிக்னலைக் கெடுக்கும். ஏசியை அணைத்துவிட்டு, டயர் காற்று, பெட்ரோல் அளவு, ஆட்கள் எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கட்டும். செயலியில் ‘ஒரு அடி ரோல் அவுட்’ அமைப்பு இருந்தால் கவனம்: முதல் 30 செ.மீ. ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால் நேரம் 0.2–0.3 நொடி குறைந்து தெரியும்.

இன்ஜின் நலம் அறியத்தான் இதெல்லாம் என்றால் 0–100 நல்ல அளவுகோலே அல்ல. அதில் கிளட்ச் விடும் லாவகமும் கியர் மாற்றும் வேகமும் கலந்துவிடும். மூன்றாம் கியரிலேயே வைத்து 60–100 எடுத்துக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் அளவோடு ஒப்பிட அதுதான் உதவும்.

பொதுச் சாலையில் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189 அனுமதியில்லாத வேகச் சோதனையைத் தடை செய்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை அல்லது கோவை செட்டிப்பாளையம் பந்தயத் தடத்தில் நேரம் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: ஜிபிஎஸ் இல்லாத, ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தை உணரும் சென்சார்) கருவி போதாதா? (வாசகர், சேலம்)

பதில்: போதாது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் காரின் மூக்கு தூக்கும். அந்தச் சாய்வையும் கருவி வேகம் என்றே எண்ணும். 1 டிகிரி சாய்வு நீடித்தால் 10 நொடியில் மணிக்கு 6 கி.மீ. வேகம் கூடுதலாகக் காட்டும்.

கேள்வி: குதிரைத்திறனையும் கணக்கிட முடியுமா? (வாசகர், மதுரை)

பதில்: முடியும். ஆட்களோடு காரை எடை மேடையில் நிறுத்துங்கள். 1,140 கிலோ என்று வைப்போம். மூன்றாம் கியரில் 90–110 கி.மீ. எட்ட 3.7 நொடி ஆனால் முடுக்கம் 1.5 மீ/நொடி². பிறகு நியூட்ரலில் விட்டு 110–90 இறங்கும் நேரத்தை எடுங்கள். 15 நொடி என்றால் வேகம் குறையும் வீதம் 0.37 மீ/நொடி². இது காற்றும் டயரும் தின்னும் பங்கு. இரண்டையும் கூட்டி (1.87), எடையாலும் வேகத்தாலும் (90–110-க்கு நடுவான 100 கி.மீ., அதாவது நொடிக்கு 27.8 மீட்டர்) பெருக்கினால் சுமார் 59 கிலோவாட், அதாவது 80 குதிரைத்திறன். இது சக்கரத்தில் கிடைப்பது. கியர்பாக்ஸ் இழப்பு தனி என்பதால் நிறுவனம் சொல்லும் இன்ஜின் திறனைவிடக் குறைவாகவே இருக்கும்.